பெருமாநல்லூரில் ரோம் விழுந்த வாரம்

ரோமப் பேரரசு விழுந்ததற்கு ஏழு காரணங்கள். திறமையற்ற அரசர்கள், ஆடம்பர வாழ்க்கை, ஓயாத போர்கள், வரிச்சுமை, நாணய மதிப்பு குறைந்தது, கூலிப்படை, அந்நியர் படையெடுப்பு. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுக்காக இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு உருப்போட்டு வைத்திருந்தேன். பத்து மதிப்பெண் கேள்வி. கடைசியில் அந்தக் கேள்வி வரவே இல்லை. அவ்வளவு பாடுபட்டு வீழ்த்திய பேரரசை வீணாக்க மனம் வராமல் அதை வேறோர் இடத்தில் இறக்கி வைத்தேன். அப்பாவின் பிழைப்பின் மேல் போய் விழுந்தது.

பெருமாநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் அப்பா பவர்டேபிள் நடத்திக்கொண்டிருந்தார். திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் சின்னப் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மிஷின், பதினோரு பேர். பெரும்பாலும் தெற்கத்திக்காரர்கள். யாருக்கும் எங்கள் வீட்டில் பெயர் கிடையாது. ஓட்டுகிற மிஷின்தான் பெயர். பேட்லாக் அண்ணன், சிங்கர் அண்ணன், ஓவர்லாக் அக்கா. தைப்பது முழுக்க அமெரிக்காவுக்குப் போகும் பனியன்கள். அந்த முறை வந்திருந்தது மூன்று எக்ஸ் போட்ட அளவு. ஒரு பனியனுக்குள் நானும் என் தங்கையும் பக்கத்து வீட்டு நாயும் ஒன்றாக நுழைந்து பார்த்தோம். நாய்தான் இடம் போதாமல் வெளியே வந்தது.

அமெரிக்காவில் விமானம் மோதி அந்த இரண்டு கட்டடங்களும் இடிந்த மாதம் அது. டிவியில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்த வீட்டார் ஐயோ பாவம் என்றார்கள். நானோ ஏழாவது காரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்நியர் படையெடுப்பு வந்துவிட்டது. அடுத்து போர் என்கிறார்கள், மூன்றாவதும் சரி. ஆடம்பர வாழ்க்கைக்கு அத்தாட்சி எங்கள் கொட்டகையிலேயே மூன்று எக்ஸில் அடுக்கி வைத்திருக்கிறது. வரலாற்று வாத்தியார் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் இருந்துதான் ரோமாபுரிக்குக் கல்மணியும் பிறவும் போனதாம். வாங்குகிறவன் விழுந்த பிறகு ஊரும் படுத்துவிட்டது, இப்போது போய்ப் பார்த்தால் ஆடு மேய்கிறது என்றார். நொய்யலில் கொஞ்சம் மேலே வந்தால் திருப்பூர். இரண்டாயிரம் வருடம் கழித்து யாரோ பெருமாநல்லூரைத் தோண்டுகிறார்கள், துருப்பிடித்த பேட்லாக் ஊசி ஒன்று கிடைக்கிறது, ‘பயன் தெரியவில்லை’ என்று சீட்டு எழுதி ஒட்டுகிறார்கள். இந்தக் காட்சியை நினைத்து அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன். வழக்கம் ஐந்து.

பயத்தை எவ்வளவு நேரம் தனியாகச் சுமப்பது? வெள்ளிக்கிழமை நாலு மணி டீக்கு எல்லோரும் மிஷினை நிறுத்தியபோது, துணிக்கட்டின் மேல் ஏறி நின்று ஏழு காரணங்களையும் அமெரிக்காவோடு பொருத்தி, கொடுமணல் கதையையும் சேர்த்துச் சொன்னேன். வாத்தியார் சொன்னபோது தூங்கிய நான், நானே சொன்னபோது நடுங்கிவிட்டேன். பேட்லாக் அண்ணன் கடித்த பன்னைக் கீழே வைத்தார். அப்படியானால் தைத்து அனுப்பியதெல்லாம் என்னவாகும் என்று கேட்டார். அத்தனையும் கப்பலோடு திரும்பி வரும் என்று, ஏதோ துறைமுகமே என் பொறுப்பில் இருப்பதுபோல் சொன்னேன்.

ஓவர்லாக் அக்கா மட்டும் டம்ளரைக் கழுவிக்கொண்டே வேறு மாதிரிக் கேட்டார்.

“அந்த ரோமுக்குச் சரக்கு அனுப்புன ஊர்க்காரக எங்கய்யா போனாக?”

“அது பரிச்சைக்கு வராதுங்க்கா.”

அக்கா தலையாட்டிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் திங்கட்கிழமை வரவில்லை. அவிநாசிப் பக்கம் உள்ளூர்க் கடைகளுக்கு ஜட்டி தைக்கும் பட்டறைக்குக் கூட்டமாகப் போய்விட்டார்கள். அமெரிக்கா விழுந்தாலும் ஜட்டி விழாது என்பது அவர்கள் கணக்கு. ரோம் விழ நூற்றாண்டுகள் ஆயின. எங்கள் பவர்டேபிளுக்கு ஒரு டீ போதுமாயிருந்தது.

பத்து மிஷினில் ஓடியது ஓவர்லாக் அக்காவுடையது ஒன்றுதான். பாக்கி ஆயிரத்துச் சொச்சம் பீஸ். வருகிற வெள்ளிக்கிழமை கம்பெனி வேன் வரும்போது அது தயாராக இல்லையென்றால் அடுத்த வேலை நமக்குக் கிடையாது என்று கம்பெனி மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, டெய்லர் தேடி டிவிஎஸ் ஐம்பதில் புறப்பட்டவர், டெய்லருக்குப் பதில் செய்தியோடு திரும்பினார். ஜட்டிப் பட்டறை வாசலில் பேட்லாக் அண்ணனைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். ஓனர் வீட்டுப் பையனே சொன்ன பிறகு எந்த நம்பிக்கையில் இருப்பது என்று அவர் நியாயமாகவே கேட்டாராம்.

நான் துணிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூன்று எக்ஸ் துணிக்கட்டு, ஒளிவதற்குத் தோதானது. அப்பா அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அப்பா சத்தம்கூடப் போடவில்லை.

“ஏங்கண்ணு, அந்த ரோமுக்காரன் வந்து நமக்குப் பனியனுக்குக் கை மடிச்சுத் தெச்சுக் குடுப்பானா?”

கேட்டுவிட்டு என் கையில் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியைக் கொடுத்தார்.

அந்த வாரம் அப்பா பேட்லாக்கில் உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவரும் பேட்லாக் டெய்லராகத்தான் இருந்தாராம், எனக்கு அப்போதுதான் தெரியும். அம்மா அடுப்பை மதியத்தோடு மூடிவிட்டு சிங்கரில் லேபிள் வைத்தார். மாமா மடித்தார், தங்கை எண்ணினாள், நான் பள்ளி விட்டு வந்து பிசிறு வெட்டினேன். நூல் வெட்டுகிறேன் என்று இரண்டு பனியனையே வெட்டினேன். ஏழு காரணங்களோடு எட்டாவதாக நானும் சேர்ந்துகொண்டேன். ஓவர்லாக் அக்கா மூன்று பேர் வேலையைச் செய்தார். மிஷினை விட்டு எழுந்ததையே நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மாலை பேட்லாக் அண்ணன் இன்னும் மூவரோடு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். ஜட்டிப் பட்டறையில் பாட்டுப் போட விடுவதில்லையாம்.

“என்ன தம்பி, இன்னும் விழலையா?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே மிஷினுக்கு எண்ணெய் விட்டார்.

விழவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை யாராவது அமெரிக்காவை ரோமோடு நிறுத்தி வைத்துப் படம் வரைந்து காட்டுகிறார்கள். பேங்குகள் படுத்தபோது காட்டினார்கள், இப்போது வாட்ஸப்பில் காட்டுகிறார்கள். ஊருக்கெல்லாம் அது வரலாறு. எனக்கு மட்டும் உடனே கொட்டகைக்குப் போய் எத்தனை மிஷினில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. போயும் பார்த்திருக்கிறேன், மனைவியிடம் தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கப் போனதாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை வேன் வந்தது, அத்தனை பீஸும் ஏறியது, அடுத்த லாட்டுத் துணியை இறக்கிவிட்டுப் போனது. அப்பா துணிக்கட்டின் மேல் அப்படியே சாய்ந்தார். கொட்டகையின் வாசலில் ஓவர்லாக் அக்கா தலையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். அருப்புக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு கிராமம் அவருக்கு. வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளுமாக வந்து மூன்று வருடம் ஆகிறது என்பதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. என் பேச்சைக் கேட்டு அசையாத ஒரே ஆள் என்பதால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. நேரே போய்க் கேட்டேன்.

“ஏனுங்க்கா, எல்லாரும் ஓடுனாங்க. உங்களுக்குப் பயமே இல்லீங்களா?”

அக்கா பஞ்சை ஊதிவிட்டுச் சிரித்தார்.

“பயந்துதானய்யா ஊர விட்டு இங்க வந்தோம்.”

இன்றைக்கு என்றால், என் ஏழு காரணங்களில் உங்கள் ஊருக்கு எதுவெல்லாம் பொருந்தும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பேன். அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அக்காவும் பயந்தவர்தான், நான் மட்டும் இல்லை. அதைச் சொல்ல அம்மாவிடம் ஓடினேன். அக்கா சொன்னதில் ‘பயந்து’ மட்டும்தான் எனக்குக் கேட்டிருந்தது. ‘வந்தோம்’ காதில் விழவே இல்லை.