பெட்டிக்கு எது வலது?

தையல் கடைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருடமாகக் கோட்டு வெட்டுகிறார். துணியில் கத்திரி வைத்தால் கை நடுங்காது. அப்பேர்ப்பட்டவர் அந்த வாரம் முழுக்கக் கைபேசியில் வந்த ஒரு செய்தியைப் பார்த்துத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

'உங்கள் இடது கண்ணின் விழித்திரையில் நீர் சேர்ந்துள்ளது. வெள்ளிக்கிழமை ஊசி போட வரவும்.' அனுப்பியது கண் மருத்துவமனை.

வியாதி இருந்ததோ வலது கண்ணில். அதற்கு ஏற்கெனவே நான்கு ஊசி போட்டாகிவிட்டது. அடிக்கடி அலைய வேண்டாம் என்று, மிக்சி அளவில் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். காலையில் பல் தேய்த்ததும் அதன் முன்னால் உட்கார வேண்டும். 'வலது' பொத்தானை அமுக்கி, கண்ணைக் குழலில் வைத்து, உள்ளே தெரியும் பச்சைக் கூட்டல் குறியை அசையாமல் பார்க்க வேண்டும். அப்புறம் 'இடது'. விழித்திரைப் படம் தானாகவே மருத்துவமனைக்குப் போய்விடும். மூன்று வாரமாக ஒருநாள் தவறாமல் எடுத்தார்.

குழப்பம் இதுதான். வலது கண்ணால் மட்டும் பார்த்தால் அளவு நாடா பாம்பாக நெளிந்தது. இடது கண்ணால் பார்த்தால் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. பெட்டியோ வலது சுத்தம், இடதில்தான் நீர் என்றது.

"நெளியிற கண்ணு நல்லாயிருக்காம். நேராத் தெரியிற கண்ணு கெட்டுப்போச்சாம். எனக்கென்ன கிறுக்கா?"

பக்கத்தில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "இந்தச் சந்தேகம் இப்பத்தான் வந்துச்சா உங்களுக்கு?"

"விளையாடாத. இடதும் போச்சுன்னா கத்திரிய யாரு பிடிக்கிறது, நீயா?"

"நான் பிடிச்சா கோட்டுக்கு மூணு கை வரும்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கத்தானே மெஷினு? பேசாம போய் ஊசியப் போட்டுக்கோங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தன் கண்ணை நம்புவதா, கண்ணைப் பார்த்த பெட்டியை நம்புவதா? இரண்டு நாள் அந்த யோசனையிலேயே ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வெட்டினார்.

வியாழன் மாலை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார்.

"சார், வலது கையக் கொஞ்சம் தூக்குங்க."

வாத்தியார் தூக்கினார். மாஸ்டரின் நாடா தானாக இடப்பக்கம் போனது. பாதி வழியில் அந்தரத்தில் நின்றது.

எதிரே நிற்பவரின் வலது, தனக்கு இடப்பக்கம். முப்பத்திரண்டு வருடமாகக் கை யோசிக்காமல் செய்கிற வேலை அது. பெட்டியும் எதிரேதானே உட்கார்ந்திருந்தது! அதற்கும் முகம் மாதிரி ஒரு குழல். 'வலது' என்றால் எதிரே இருப்பவரின் வலது என்று, தினமும் அந்தப் பக்கத்துக்கு நேராக இருந்த தன் இடது கண்ணை நீட்டியிருக்கிறார்.

"மாஸ்டர், கைய இறக்கலாமா?" என்றார் வாத்தியார்.

உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். போனை எடுத்த பெண் பதறினாள். "சார், இதுவரைக்கும் அனுப்பின எல்லாப் படமுமா?"

"எல்லாமே மாத்திதாம்மா. அப்ப வலது கண்ணுலதானே தண்ணி? தப்பான கண்ணுல ஊசி போட்டிருப்பீங்களே!"

"நாளைக்கு வாங்க. இங்க மறுபடி படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் ஊசி."

வெள்ளிக்கிழமை எடுத்த படத்தில் நீர் வலது கண்ணில்தான் இருந்தது. பெரிய சேதம் இல்லை, நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார்கள். ஊசி போட வந்த டாக்டரம்மா அவருக்கு நேர் எதிரே நின்று, வழக்கப்படி கேட்டார். "எந்தக் கண்ணு, நீங்களே சொல்லுங்க?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். எனக்கு வலதா, இவருக்கு வலதா? கடைசியில் விரலைத் தூக்கித் தன் புருவத்துக்கு மேலே காட்டினார். அங்கே தையல் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி இருந்தது.

காலையில் அதைப் போட்டுவிட்டது மனைவி. கண்ணாடியைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்ள அவருக்குத் துணிச்சல் இல்லை.