மீனக்கா வீட்டு நீர்வண்டு

தெருவே அவளை மீனக்கா என்றுதான் கூப்பிட்டது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, கண்ணாடித் தொட்டிகளில் வண்ண மீன் வளர்த்து விற்றே குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள். லாரி ஓட்டிய கணவன் நுரையீரல் நோயில் படுத்தான். "நோய் போயிடுச்சு, இனி நடக்கணும்" என்று டாக்டர் சொல்லியும், மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவள் தோளைப் பிடிக்காமல் கட்டிலை விட்டு இறங்க மறுத்தான். இந்த மனுஷன் தானாக நடப்பானா? அந்தக் கேள்வியோடுதான் அவளுக்குப் பொழுது விடியும்.

ஒருநாள் காலை, தொட்டியில் பாதி மீன்குஞ்சுகளைக் காணோம். அடியில் ஒரு கறுப்பு நீர்வண்டு இன்னொரு குஞ்சைக் கவ்விக்கொண்டிருந்தது.

"அடப்பாவி, கொலைகாரா!" அதை வலையில் அள்ளித் தரையில் போட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

"அடிக்காதடி! இங்க கொண்டா, பார்க்கிறேன்" என்று கட்டிலிலிருந்தே, கொட்டகையைப் பார்த்த ஜன்னல் வழியே கத்தினான் கணவன்.

பாட்டிலில் போட்டுக் கட்டிலருகே வைத்தாள். அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் உலகம்.

"பாரேன், மூச்சு தீர்ந்தா மேல வந்து பின்பக்கத்தை நீட்டுது. றெக்கைக்கு அடியில காத்தை அடைச்சுக்கிட்டு மறுபடி முங்குது. பயமே இல்ல!"

"அதுகிட்ட நீங்களும் கொஞ்சம் கத்துக்கோங்களேன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தண்ணீர் கலங்கியதும் பாட்டிலைக் கொட்டகைக்கு எடுத்துப்போனாள். மீனுக்கே பழகிய கை; காற்றுக்கு இடம் விடாமல் விளிம்புவரை நல்ல தண்ணீர் நிரப்பினாள். பறந்து குஞ்சுகளிடம் போய்விடக் கூடாதே என்று மூடியை இறுக்கித் திருகிவிட்டு, தொட்டி கழுவத் திரும்பினாள்.

ஜன்னலிலிருந்து அவன் பார்த்தான். வண்டு மேலே வந்து மூடியில் முட்டியது. இறங்கியது. மறுபடி முட்டியது.

"மூடியைத் திறடி! அது மூச்சு முட்டிச் சாகுது!"

தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் மோட்டார் அப்போது ஓடிக்கொண்டிருந்தது; அந்த இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

முதுகுக்குப் பின்னாலேயே வாளி ஒன்று உருளும் சத்தம். திரும்பினாள். கணவன்! ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, மறு கையால் மூடியைத் திருகிப் பாதித் தண்ணீரைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தான். வண்டு மேலே வந்து காற்றை வாங்கியது. அவனும் வாங்கினான்.

"நீங்க... எப்படி வந்தீங்க?"

"நடந்துதான். பின்ன, பறந்தா வந்தேன்?"

உருண்ட வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குஞ்சுத் தொட்டிக்குப் போனாள். பொன்னாகப் பார்த்து வளர்த்த குஞ்சு ஒன்றைத் தன் கையாலேயே வலையில் அள்ளி அந்தப் பாட்டிலில் விட்டாள்.

"சாப்பிடுடா, மகராசா."