இரண்டாவது லாகின்

ஜெபகுமார் அண்ணாவைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் டெஸ்டர். மென்பொருளில் அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இந்தக் கதையில் குறை என்னுடையது. அதனால் கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் சொல்வேன்.

அண்ணாவுக்கு நாற்பத்து மூன்று வயது. வீடு பெருங்களத்தூரில். மனைவி கிறிஸ்டினா ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் இல்லை. பதினாறு வருஷமாகச் சிறுசேரியிலேயே கம்பெனி மாற்றிக் கம்பெனி வேலை பார்த்தவர், எங்கேயும் கான்ட்ராக்ட்டில்தான். காலையில் தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் அருகே கம்பெனி பஸ்ஸுக்கு நானும் அவரும் ஒன்றாக நிற்போம். அவர் எப்போதும் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட். நான் அதற்கும் பின்னால்.

எங்கள் ஆபீஸில் நிரந்தர ஆட்களுக்கு ஐடி கார்டு டேக் நீலம். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சிவப்பு. சிவப்பு டேக் போட்டவருக்குப் பிறந்தநாள் கேக் கிடையாது, குடும்ப விழா கிடையாது. பிராஜெக்ட் முடிந்த அன்று ஹெச்.ஆர். பெண் வந்து கார்டை வாங்கிக்கொள்வாள். லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவார்கள். நீங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் உங்கள் லாகின் செத்திருக்கும். அண்ணா இதை ஏழு முறை பார்த்தவர். அதனால் அவர் மேஜையில் ஒரு போட்டோ இருக்காது, ஒரு தண்ணீர் பாட்டில்கூட இருக்காது. பையில் வந்தது பையிலேயே திரும்பிப் போகும்.

நான் சேர்ந்த புதிதில், ஆபீஸ் வாசலில் இருக்கும் டீக்கடையில் வைத்து அவர் தன் வேலையை எனக்குச் சொன்னார். நான் கேட்டுத்தான் சொன்னார். ஒரு மென்பொருளுக்குள் நூற்றுக்கணக்கான பாகங்கள் வேலை செய்கின்றன. அவற்றை நாம் ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. ஃபிரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறது. அதுவே செய்து, யாருக்கு எது தேவையோ அதைக் கையில் கொடுத்துவிடும். ஆனால் ஒவ்வொரு பாகமும் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை மட்டும் நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

"அந்த பாய்லர பாரு. கடை தொறக்கும்போது ஏத்தினது, மூடுற வரைக்கும் அதேதான். எல்லாருக்கும் அது ஒண்ணுதான்," என்றார். "பேப்பர் கப் ஆளுக்கு ஒண்ணு. குடிச்சு முடிச்சா குப்பை. எது பாய்லர், எது கப்புன்னு சரியா சொல்லிட்டா பொழைச்சோம். கப்ப போய் எல்லாருக்கும் பொதுவா வச்சோம்னு வை, ஒருத்தர் எச்சி இன்னொருத்தர் வாயில."

சொல்லிவிட்டுத் தன் கப்பைக் கசக்கித் தொட்டியில் போட்டார். நானும் இந்த ஜாதிதான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கழுத்திலும் சிவப்பு டேக்தான் தொங்கியது.

அந்த வருஷம் எங்கள் குழுவிலிருந்து ஒரே ஒருவரை நிரந்தரமாக்கப் போவதாக மேனேஜர் அச்சுதன் சார் சொன்னார். ஜெபகுமார் அண்ணாவைத் தவிர வேறு யார் பெயரும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். "இந்த தடவை உங்க பேர்தான் ஜெபா, டெமோ மட்டும் நல்லா போகட்டும்," என்று சாரே வாயால் சொன்னார். அண்ணா அதை வீட்டில் சொல்லியிருக்கிறார். கிறிஸ்டினா அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமையே சர்ச்சில் எழுந்து நின்று, பதினாறு வருஷ ஜெபம் கேட்கப்பட்டது என்று சாட்சி சொல்லிவிட்டார். சபையே ஸ்தோத்திரம் சொன்னதாம். பஸ்ஸில் இதைச் சொல்லும்போது அண்ணா தலையைச் சொறிந்தார். லெட்டர் கைக்கு வராமல் இவள் இப்படிச் செய்துவிட்டாளே என்றார். ஆனால் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. பதினாறு வருஷத்தில் அவருக்கு யாராவது கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

டெமோ, தென்சென்னையில் பத்துப் பன்னிரண்டு கிளைகள் வைத்திருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேப்புக்கானது. ரத்தம் கொடுத்தவர் தன் எண்ணைப் போட்டால் ரிப்போர்ட் போனிலேயே வர வேண்டும். வந்தது. ஆனால் ஆறு விநாடி ஆனது. டெமோவுக்கு முந்தைய நாள் அச்சுதன் சார் அண்ணாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஆறு விநாடியில் ஆள் போனை மூடிவிட்டுப் போய்விடுவான் என்றார்.

ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் பாகம், வருகிற ஆள் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பிறந்து, வேலை முடிந்ததும் செத்துக்கொண்டிருந்தது. பிறக்கும்போதெல்லாம் லேப்பின் படிவம், டெஸ்ட் பட்டியல் என்று ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரும். தாமதம் அதில்தான். அதையே எல்லாருக்கும் பொதுவாக ஒன்றாக வைத்தால் ஒரே விநாடியில் முடியும். ஆனால் யாருடைய ரிப்போர்ட் என்கிற நோயாளி எண்ணும் அதற்குள்ளேயே இருந்தது. அதைத் தனியாகப் பிரித்து வெளியே வைக்க இரண்டு நாள் வேண்டும். டெமோவோ மறுநாள்.

அண்ணா பிரிக்கவில்லை. ஒரு வரியை மட்டும் மாற்றினார். தெரியாமல் செய்த தப்பு இல்லை அது. அந்த மாடியில் அவரைவிட அதைத் தெரிந்தவர் கிடையாது. பாய்லரையும் கப்பையும் எனக்குச் சொன்ன மனுஷன், தன் கையால் கப்பைப் பொதுவில் வைத்தார். நீல டேக் மேல் இருந்த ஆசையில் வைத்தார். இதை அவர்மேல் எனக்குள்ள மரியாதை குறையாமலேயே சொல்கிறேன்.

மாற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நிகத், ஒரே நேரத்துல ரெண்டு பேர் உள்ள வந்தா என்ன ஆகுதுன்னு பாரு. கண்டிப்பா கலக்கும். அதை எழுதிடு. எழுதினா டெமோ முடிஞ்சு எனக்கு ரெண்டு நாள் கிடைக்கும்."

அந்த மனுஷனால் இரண்டு நாள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. நான் எழுதிய குறை கேட்டுவிடும் என்று நினைத்தார். ஆனால் இரண்டு பேராக உள்ளே போக எனக்கு இரண்டு லாகின் வேண்டும். லேப்காரர்கள் எங்களுக்குச் சோதனைக்கென்று கொடுத்தது ஒன்றுதான். அதைத்தான் குழுவில் ஏழு பேரும் முறை வைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். ஒருவர் வெளியே வந்த பிறகுதான் அடுத்தவர் உள்ளே போக முடியும். இரண்டாவது லாகினுக்கு விண்ணப்பம் போட்டால் நாலு நாள். அன்று சாயங்காலம் என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. நான் ஒரே லாகினில் பத்து முறை போய்ப் பார்த்தேன். பத்தும் சரியாக வந்தது. படிவத்தில் பாஸ், ஃபெயில் என்று இரண்டே கட்டம்தான் இருந்தது. பாஸில் டிக் அடித்துவிட்டு நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

டெமோ அமர்க்களமாகப் போனது. அங்கே ரிப்போர்ட் பார்த்தது ஒரே ஆள்தானே, எப்படிக் கலக்கும்? அண்ணாவைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். திங்கட்கிழமை எல்லாக் கிளைகளிலும் திறந்துவிடலாம் என்று லேப்காரர்கள் சொன்னார்கள். அண்ணா மெதுவாக, உள்ளே ஒரு வேலை பாக்கி இருக்கிறது சார் என்று ஆரம்பித்தார். டெஸ்ட் பாஸ் ஆகியிருக்கிறதே, இனி யாரும் அதைத் தொட வேண்டாம் என்றார் சார். அண்ணா என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். லெட்டர் திங்கட்கிழமை வரும் என்று சார் அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டிலிருந்து ஒரு பீங்கான் கோப்பை கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பச்சைக் கோடு போட்ட சாதாரணக் கோப்பை. அவர் மேஜையில் நான் பார்த்த முதல் பொருள் அது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லேப்களில் கூட்டம் அலைமோதியது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கிற நேரம் அதுதான். சனிக்கிழமை கொடுத்தவர்களும் அப்போதுதான் போனில் ரிப்போர்ட்டைத் திறந்தார்கள். பத்து மணிக்கு முதல் புகார் வந்தது. சேலையூரில் ஒரு ரிட்டையர்டு தாசில்தாருக்கு அவர் கர்ப்பமாக இருப்பதாக ரிப்போர்ட் போயிருந்தது. மாடியே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வரியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு மணிக்குச் சிரிப்பு நின்றது. பள்ளிக்கரணையில் வீட்டு வேலை செய்யும் கிளியம்மாள் என்ற பெண்ணின் மகன் பேசினான். அம்மாவுக்குச் சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருக்கிறது. போனில் வந்ததோ யாருடையதோ நல்ல ரிப்போர்ட். எல்லாம் நார்மல் என்று சொன்ன சந்தோஷத்தில் காலை மாத்திரையை விட்டுவிட்டு, வேலை செய்த வீட்டில் கொடுத்த கேசரியைச் சாப்பிட்டிருக்கிறார். பாத்திரம் கழுவும் இடத்திலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூன்று நாள் கழித்துக் கண் விழித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். முழுதாகத் தேறினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அண்ணா அந்த வரியைப் பழையபடி மாற்றப் பத்து நிமிஷம் ஆனது. பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடி அறையில் கூட்டம். அச்சுதன் சாருக்கு வேண்டியதெல்லாம் ஒரு பெயர்தான். இது எப்படி டெஸ்ட்டைத் தாண்டியது என்று லேப்காரர்களின் ஆள் கேட்டார். அறையில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அண்ணா என்னிடம் என்ன கேட்டார் என்று நான் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

"டெஸ்ட்டுல தெரியாது சார். நான்தான் மாத்தினேன். தெரிஞ்சேதான் மாத்தினேன்," என்றார் அண்ணா.

அவரைத் தன் மேஜைக்குத் திரும்பப் போக விடவில்லை. ஹெச்.ஆர். பெண் அறை வாசலிலேயே கார்டை வாங்கிக்கொண்டாள். செக்யூரிட்டி அவர் பையை எடுத்து வந்து கொடுத்தார். கோப்பை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது, ஆனால் நான் எடுத்துக் கொடுக்கவில்லை. மறுநாள் ஹவுஸ்கீப்பிங் அக்கா அதையும் குப்பையோடு சேர்த்து அள்ளிப் போட்டுவிட்டார். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் பஸ் கேட்டைவிட்டு வெளியே வந்தபோது, அவர் இன்னும் அரசு பஸ் ஸ்டாப்பில்தான் நின்றுகொண்டிருந்தார். கார்டு இல்லாமல் கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாது. டிரைவர் அவரைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். அண்ணா போகச் சொல்லிக் கை காட்டினார். இரண்டாவது சீட் தாம்பரம் வரை காலியாகவே வந்தது.

அந்த வாரமே, அண்ணா மாற்றிய வரியை ஒரு தனிப் பிரதியில் வைத்து, ரிப்போர்ட்டுகள் கலந்ததை என்னை நிரூபிக்கச் சொன்னார்கள். லேப் மேனேஜரே ஒரு மணி நேரம் தன் லாகினைக் கடன் கொடுத்தார். இரண்டு போனில் ஒரே நேரத்தில் திறந்தேன். முதல் தடவையிலேயே கலந்தது. குறையைத் துல்லியமாகக் கண்டுபிடித்ததாக அச்சுதன் சார் மேலிடத்துக்கு எழுதினார். அந்த ஒரு நிரந்தர இடம் வீணாகிவிடக் கூடாதே. மாதக் கடைசியில் நீல டேக் எனக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எட்டு மாதம் கழித்து, தாம்பரம் ஸ்டேஷனில் மேம்பாலப் படியில் அண்ணாவைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறாராம். செமஸ்டருக்குச் செமஸ்டர் புதுக் கடிதம். விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. கிறிஸ்டினா அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அந்த சர்ச்சுக்கு இப்போது போவதில்லை, சாட்சி சொன்ன இடத்தில் போய் உட்கார அவளுக்கு முகமில்லை என்றார். வேறு சர்ச்சுக்கும் போகவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே துணி துவைக்கிறாராம்.

நான் துப்பட்டாவை இழுத்து டேக்கை மூடினேன். அவர் அதற்கு முன்பே பார்த்துவிட்டார்.

"மறைக்காத. நல்லதுதான். உள்ள ஒருத்தியாவது இருக்கியே," என்றார். பிறகு, இத்தனை நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தவர்போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இப்ப ரெண்டு லாகின் வச்சுதானே டெஸ்ட் பண்றீங்க?"

"ஆமாண்ணா."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்போ சரி என்று சொல்லிவிட்டு, செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்க இறங்கிப் போனார்.

நாங்கள் இன்னும் அந்த ஒரே லாகினைத்தான் முறை வைத்துப் பயன்படுத்துகிறோம். இரண்டாவதற்கு நான் விண்ணப்பமே போடவில்லை.