மாப்பிள்ளை எழுதிய நைஸ்

என் அக்காவான ராத்தாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே வாப்பாவின் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. கட்டாரில் வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்திருந்த மாப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வாப்பாவுக்கு அதில் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்த ஒரே சொல் ‘நைஸ்’.

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருந்தது. உம்மாவுக்கு நைஸ் என்றால் வழுவழுப்பான துணி. வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் வாப்பாவோ, வேலை நேரத்தில் ‘நைஸாக’ நழுவிவிடும் தன் கூட்டாளியைத் திட்டும்போது மட்டுமே அதைச் சொல்வார்.

“என்ட புள்ளயத் துணியெண்டா சொல்றான்?” என்று உம்மா கவலைப்பட்டார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வாப்பாவின் தம்பி, என் சாச்சா, கொழும்பிலிருந்து வாங்கித் தந்த தடித்த ஆங்கில அகராதியோடு திரிந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்ப் பொருள், அதே பொருள் தரும் வேறு சொற்கள், கடைசியில் அந்தச் சொல் எங்கே பிறந்தது என்ற கதை எல்லாம் அதில் இருந்தன. யாரும் கூப்பிடாமலே நான் ஓடிப்போய் அதை விரித்தேன்.

“இனிய, அழகிய, அன்பான” என்று வாசித்தேன். உம்மாவின் முகம் மலர்ந்தது. “நுட்பமான” என்று அடுத்ததையும் வாசித்துவிட்டு நிறுத்தப்போனேன். பக்கத்தில் நின்ற ராத்தா குனிந்து கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“இதையும் வாசி புள்ள.”

அந்தச் சொல் இலத்தீனில் பிறந்ததாம். “ஒண்டும் அறியாத ஆள். முட்டாள்” என்று அங்கே இருந்த பொருளைச் சொன்னேன்.

அது அந்தக் காலத்துப் பொருள் என்று நான் வாய் திறப்பதற்குள் ராத்தா அகராதியை மூடிவிட்டாள்.

“அவங்க எழுதினது சரிதான் வாப்பா. அவங்களுக்கு ஒண்டும் தெரியாத பொண்ணுதானே வேணும். கெம்பஸ் போகத் தேவையில்லையெண்டு நேத்து அவர்ர உம்மா சொல்லக்குள்ள, எல்லாரும் தலையாட்டினீங்க. என்னைய ஒத்தரும் கேக்கல்ல.”

ராத்தா ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதற்கான கடிதம் வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. உம்மா ஏதோ சொல்லப்போனார். வாப்பா கையைக் காட்டி நிறுத்தினார். ராத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார். உம்மா இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. நானோ, நல்ல எண்ணத்தில் ஒரு சொல் எழுதிய மனிதரை, அரைகுறையாக வாசித்து அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். மாப்பிள்ளை திரும்பவும் கட்டாருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்ட அன்று பின்னேரம், கடற்கரையோரமாக இருந்த வாப்பாவின் பட்டறைக்கு அழுதுகொண்டே போனேன்.

“வாப்பா, முட்டாள் எண்டது பழைய அர்த்தம். இப்ப நல்ல புள்ளயெண்டுதான் அர்த்தம். மாப்பிள்ள நல்லாத்தான் எழுதியிரிக்கார்.”

வாப்பா கழற்றிப் போட்டிருந்த எஞ்சினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஓம் மகள். அண்டைக்கே சாச்சாக்கிட்டக் கேட்டுட்டன்.”

அழுகை அப்படியே நின்றுவிட்டது. “அப்ப என்னத்துக்கு வாணாமெண்டு சொன்னீங்க?”

அவர் கையிலிருந்த எண்ணெயைப் பழந்துணியில் மெதுவாகத் துடைத்தார். “உன்ட ராத்தா சொன்னது எனக்கு விளங்கிட்டு. அதுதான்.”

எனக்கு முன்னைவிடக் குழப்பமாகிவிட்டது. ராத்தா அன்றைக்குப் பேசியது முழுவதும் தமிழில்தானே, அதில் புதிதாக விளங்குவதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.