நூற்றுக்கு எத்தனை

எனக்கு எழுபத்துமூன்று வயது. கேட்டால் பதில் சொல்ல வாய் இருக்கிறது. ஆனால் கடத்தூர் மருத்துவ முகாமில் பிசியோதெரபி பெண் என்னைப் பார்த்துக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் மகன்தான் பதில் சொன்னான்.

இந்த இந்த வேலைகளை விழாமல் செய்வேன் என்று நூற்றுக்கு எத்தனை நம்பிக்கை இருக்கிறது, அதுதான் அவள் கையிலிருந்த தாளில் கேள்வி. மாடிப்படி ஏற? ஐம்பது. குனிந்து செருப்பை எடுக்க? முப்பது. கூட்டத்தில் நடக்க? இருபது. சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதற்குக் கூட்டிவந்தான் என்று எனக்குத் தெரியாதா என்ன? சர்ச்சில் ஞாயிறு பூசைக்கு நான் தனியாக பஸ் ஏறிப் போகக் கூடாது என்று நாலு மாதமாகச் சண்டை. மார்க் குறைந்தால் அந்தத் தாளைக் காட்டியே என்னை உட்கார வைத்துவிடலாம். வீட்டைவிட்டு வெளியே போக எனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு நாள்தான்.

பஸ் கேள்வி வந்தது.

"ஜீரோ போடுங்க மேடம். வூட்ல இருந்தா போதும்."

அவள் எழுதவில்லை. பிரஷர் பார்க்க டோக்கன் வாங்கி வரச் சொல்லி அவனை வெளியே அனுப்பினாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, விழுந்துவிடுவோம் என்று பயமா என்று கேட்டாள்.

இல்லை என்று பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை.

போன மழைக்காலத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். எழ முடியாமல், கிடந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த மகன் 'ச்சீ' என்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுவிட்டு வாசலில் போய் நின்றான். இவன் பீ மூத்திரம் அள்ளிய கை இது. அந்த மூஞ்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

"விழுறதுக்கு அவ்வளவு பயமில்ல கண்ணு. தூக்க வர்றவன் மூஞ்சியப் பாக்கத்தான் பயம்."

அதை எழுத அந்தத் தாளில் இடமில்லை. அவன் சொன்ன எண்களை அவள் அடித்துவிட்டு என்னிடம் கேட்டு எழுதினாள். பஸ்சுக்கு அறுபது என்றேன். காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள், பஸ்சில் கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறச் சொன்னாள். போகக் கூடாது என்று சொல்லவில்லை.

டோக்கனோடு வந்த மகன் தாளை வாங்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அன்றைக்குப் பார்த்த அதே சுளிப்பு.

வாசலில் மூன்று படி. கையை நீட்டினான். நகரச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினேன். பயந்துகொண்டேதான் இறங்கினேன். ஆனால் அந்தக் கையைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது.