கராஜுக்குப் பால் காய்ச்சிய நாள்

வரைபடத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர் எழுதவேண்டும். இப்போது என்னவாக இருக்கிறது, இனி என்னவாகப் போகிறது என்று இரண்டு கட்டங்கள். முதற் கட்டத்தில் கராஜ் என்று எழுதினேன். இரண்டாவதில் படுக்கையறை என்று எழுதுமுன் பேனையை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அக்காவை, கார் நிற்கக் கட்டிய இடத்தில் படுக்கவைக்கப் போகிறாயா என்று என்னை யாரும் நேராகக் கேட்டிருக்கவில்லை. நகரசபையின் படிவம்தான் கேட்டது.

அக்கா நகரத்தின் நடுவே, சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு மாடிக்கட்டடத்தின் பதினான்காவது மாடியில் இருந்தாள். எங்கள் குடும்பத்தில் இந்த நாட்டுக்கு முதலில் வந்தவள். என்னைக் கூப்பிட்டு எடுத்தவளும் அவள்தான். முப்பது வருஷம் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வெள்ளைத் துணி மடித்தாள். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, ஷிப்ற் சரிவரவில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். நடுக்கவாதம் வந்தபோது அந்தக் கைகள்தான் முதலில் நடுங்கத் தொடங்கின. பிறகு கால்கள் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. ஒரு அடி எடுத்து வைப்பதற்கு அவள் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணவேண்டியிருந்தது.

போன வருஷத்துக்கு முந்திய மாரியில் அந்தக் கட்டடத்தின் லிப்ற் இரண்டும் மூன்று நாள் வேலை செய்யவில்லை. சோற்றுப் பார்சலோடு பதினான்கு மாடி ஏறினேன். மேலே போய்ச் சேர எடுத்த நேரத்தைவிட அவள் உள்ளிருந்து வந்து கதவைத் திறக்க எடுத்த நேரம் நீளமாக இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவளுடைய செருப்பு உரசுவதையும், நிற்பதையும், மறுபடி உரசுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது, சோற்றைப் பார்த்தபடி சொன்னாள்.

"உன்ர வீட்டில கீழ ஒரு அறை இருந்தால் நல்லாயிருக்கும், என்ன?"

அவ்வளவுதான். அவள் வாழ்நாளில் என்னிடம் கேட்ட ஒரே ஒரு பொருள் அது.

மல்வேர்னில் எங்கள் வீடு ஒடுக்கமானது. கீழே குசினியும் ஹோலும். படுக்கை எல்லாம் மேலே. நிலத்துக்குக் கீழே பேஸ்மென்றுக்குப் பதின்மூன்று படி. நிலமட்டத்தில் மிச்சமாக இருந்தது கராஜ் மட்டும். வேலைக்கு வந்தவர் எங்கள் ஆள், எங்கள் கோவிலின் மடப்பள்ளிக்கு ஓடு பதித்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கராஜைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, ஆறு கிழமையில் முடிக்கலாம் என்றார். நகரசபையில் பெர்மிற் எடுக்கவேணும் அண்ணை என்று நான் சொன்னதும் அவருடைய முகம் கோணியது. பெர்மிற் எடுத்தால் அதுக்குப் பிறகு நீ வீட்டுக்காரன் இல்லை, நகரசபைக்காரன்தான் வீட்டுக்காரன் என்றார். இந்தத் தெருவில் எத்தனை பேஸ்மென்ற் பெர்மிற்றோடு கட்டினது என்று நினைக்கிறாய் என்று விரலை நீட்டி வீடுவீடாகக் காட்டினார்.

நான் விடவில்லை. அக்கா படுக்கப்போகும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று படித்த ஒருவன் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று விரும்பினேன். வேலையால் வந்து, கோட்டைக் கழற்றாமலே, நகரசபையின் வழிகாட்டிகளை வாசிப்பேன். வறண்ட மொழிதான். ஆனால் அதற்குள்ளே ஒரு கரிசனை ஒளிந்திருந்தது. கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் கதவைப் பற்றி, நிலத்தின் ஈரத்தைப் பற்றி, ஒரு மனிதன் நித்திரையில் இருக்கும்போது புகையை யார் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றி யாரோ எங்கேயோ இருந்து யோசித்திருந்தார்கள். படுக்கையறை என்றால் வெளியிலிருந்து வெளிச்சம் வரவேண்டும் என்று இருந்தது. தரையின் பரப்புக்கு ஏற்றபடி கண்ணாடியின் பரப்பு. ஊரில், சண்டைக் காலத்தில் நாங்கள் பார்த்த அரசாங்கங்கள் விளக்கை அணைக்கச் சொல்லித்தான் சட்டம் போட்டன. வெளிச்சம் வந்தேயாகவேண்டும் என்று ஒரு சட்டம் சொல்வதை வாசித்தபோது, பேருந்தில் இருந்தேன், கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்த பெண் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

பக்கச் சுவரில் யன்னல் வைக்க முடியாது. அயல்வீட்டு எல்லைக்கு மிகக் கிட்ட. நெருப்பு ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குத் தாவிவிடும். ஆகவே கராஜ் கதவைக் கழற்றி, அந்த இடத்தில் சுவர் எழுப்பி, தெருவைப் பார்த்த பெரிய யன்னல் ஒன்று வைப்பதாகத் தீர்மானித்தோம். அக்காவிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். நடுங்கும் விரலால் யன்னலைத் தொட்டாள்.

"அப்ப என்னைக் கார் மாதிரி ரிவேஸ் எடுத்து விடப்போறாய். வின்ரர் ரயரும் மாத்துவியோ?"

நெடுநேரம் சிரித்தோம். 

பெர்மிற் வசந்தத்தின் கடைசியில் வந்தது. மரச்சட்டம் அடித்த பிறகு ஒரு பரிசோதனை, தண்ணீர்க் குழாய் போட்ட பிறகு ஒன்று. நகரசபையின் பரிசோதகர் அமைதியான மனிதர். பூட்ஸுக்கு மேல் நீலப் பிளாஸ்ரிக் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். இரண்டும் முதல் தடவையிலேயே சரிவந்தன. அடுத்தது குளிர் தாங்கும் பஞ்சு. சட்டங்களுக்கு இடையில் பஞ்சை அடைத்து, அதன்மேல் ஈரம் புகாத பிளாஸ்ரிக் தாள் இழுத்து ஒட்டி, அவர் வந்து பார்த்த பிறகுதான் பலகை அடித்துச் சுவரை மூடலாம். பார்க்குமுன் எதையும் மூடக்கூடாது. இந்த வசனம் பெர்மிற்றில் தடித்த எழுத்தில் இருந்தது. நான் அதைப் பல தடவை வாசித்திருக்கிறேன்.

யூன் கடைசியில் அக்கா குளியலறையில் விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் ஸ்காபரோ ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். இனிப் பதினான்காவது மாடிக்குத் தனியாக அனுப்ப மாட்டோம் என்றார்கள். வீடு அனுப்பும் அலுவலைப் பார்த்த பெண் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தாள். அந்த நேரம் அக்காவை ஒருவர் பிடித்தால் எழுந்து நிற்பாள். கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கழிப்பறைக்கு ஒருவர் போதும். கீழே ஒரு அறையும் குளியலறையும் இருந்து, அது குடியிருக்கத் தக்கது என்று நகரசபையின் கையெழுத்தும் இருந்தால் உங்களிடமே விடலாம், உதவிக்கு ஆளும் அனுப்புவோம் என்றாள். இல்லையென்றால் முதியோர் இல்லத்தில் எங்கே கட்டில் கிடைக்கிறதோ அங்கே. எத்தனை நாள் காத்திருப்பீர்கள் என்று கேட்டேன். கட்டில் கிடைக்கும் வரை என்றாள்.

எல்லாம் நேரத்துக்கு நடந்திருக்கும். இடையில் நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன்.

ஆடி பிறக்க நான்கு நாள் இருந்தது. ஆடியில் எங்கள் ஆட்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச மாட்டார்கள். கோவிலுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். திங்கட்கிழமை காலை நல்ல நேரம் இருக்கிறது, விட்டால் ஆவணிதான் என்றார் ஐயர். நகரசபைக்கு எடுத்தேன். பரிசோதகர் புதன்கிழமை வருவார் என்றார்கள். திங்களுக்கும் புதனுக்கும் நடுவில் இரண்டு நாள். அக்காவிடம் கேட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. ஆடியில வந்தால் என்ன, ஆவணியில வந்தால் என்ன, எனக்கு ஒரு கட்டில் போட்டால் காணும் என்று முன்பே சொல்லியிருந்தாள். பயம் என்னுடையது. வாழ்க்கை முழுக்க நல்லது எதுவும் நேரத்துக்கு நடக்காத ஒருத்திக்கு, இந்த ஒன்றையாவது பிழையில்லாமல் தொடக்கிவைக்கவேண்டும் என்ற வெறி. பஞ்சும் பிளாஸ்ரிக்கும் தெரியத் தெரிய, விலா எலும்பு தள்ளிய மாட்டைப்போல நிற்கும் அறையில் பால் காய்ச்ச எனக்கு மனம் வரவில்லை.

அண்ணையிடம் சொன்னேன், ஞாயிறு பின்னேரத்துக்குள் சுவரை மூடிவிடுங்கோ என்று. பெர்மிற்றே வேண்டாம் என்று நின்ற மனிதர் அன்று தயங்கினார்.

"தம்பி, அவன் பார்க்கமுந்தி மூடினால் உடைக்கச் சொல்லுவான். சொல்லாட்டில் வாங்கின சம்பளத்துக்கு அவன் வேலை செய்யேல்லை எண்டு அர்த்தம்."

"படம் எடுத்து வைக்கிறன், அண்ணை. எல்லா மூலையும் எடுக்கிறன்."

"கராஜுக்கும் நாள் பார்க்கிற ஆக்கள் உலகத்திலேயே நாங்கள்தான்" என்று சொல்லிக்கொண்டு பலகையைத் தூக்கினார்.

நாற்பதுக்கு மேல் படம் எடுத்தேன். ஞாயிறு பின்னேரம் வெள்ளைச் சுவர்களோடு அது ஒரு அறையாகிவிட்டது. திங்கள் காலை மனைவி மின் அடுப்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மகள் தொலைபேசியைப் பிடித்தாள். அதற்குள்ளே ஆஸ்பத்திரித் தலையணையில் அக்காவின் முகம். பால் பொங்கி வழிந்தது. எந்தப் பக்கம் பொங்கினது என்று அக்கா கேட்டாள். மனைவி உடனே, கிழக்குப் பக்கம் மச்சாள் என்றாள். நாங்கள் ஒருவரும் கவனித்திருக்கவில்லை. அக்கா அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். சுவர், யன்னல், தெரு, எதிர்வீட்டு மேப்பிள் மரம். நல்ல வெளிச்சம் என்றாள்.

புதன்கிழமை பரிசோதகர் நீல உறைகளை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். என்னைப் பார்த்தார். படங்களைக் காட்டினேன். ஒன்றையும் விடாமல் பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது, ஆனால் நான் கண்ணால் காணாததற்குக் கையெழுத்து வைக்க முடியாது என்றார். ஏன் மூடினீர்கள் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆடி மாதத்தைச் சொல்ல முடியவில்லை. ஒரு சமயச் சடங்கு என்றேன். அவர் தலையை ஆட்டினார், உண்மையாகவே மரியாதையோடு ஆட்டினார். வெளிச்சுவர்கள் இரண்டையும் திறக்கவேண்டும் என்று எழுதித் தந்துவிட்டுப் போனார்.

அண்ணை அதற்குள் பிக்கரிங்கில் வேறு வேலை தொடங்கிவிட்டார். இரண்டு கிழமை கழித்துத்தான் வரமுடிந்தது. நானே உடைக்கிறேன் என்று கோடாலி எடுத்தேன். பஞ்சையும் சேர்த்துக் கிழித்துவிடுவாய் என்று மனைவி வாங்கி வைத்துவிட்டாள். அண்ணை வந்து திறந்தபோது, யன்னலுக்குக் கீழே பிளாஸ்ரிக் தாள் ஒரு முழம் கிழிந்திருந்தது. அவசரத்தில் பலகையின் மூலை பட்டிருக்கவேண்டும். உள்ளே பஞ்சு ஈரமாக இருந்தது. என் நாற்பது படங்களில் ஒன்றிலும் அது இல்லை. மாரி வந்தால் அந்த ஈரம் அக்காவின் தலைமாட்டில் பூஞ்சணமாகப் பூத்திருக்கும். பரிசோதகர் சரியாகத்தான் கேட்டிருந்தார்.  முதல் தடவையாக அண்ணை என்னைக் கிண்டல் செய்யவில்லை, அது இன்னும் வலித்தது.

பிரித்து, காயவிட்டு, புதுப் பஞ்சு வந்து சேருமுன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். எற்றோபிக்கோவில், நகரத்தின் மற்ற அந்தத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் இருக்கிறது. நாளைக்குள் பதில் வேண்டும். அறை தயாரா என்று அந்தப் பெண் கேட்டாள். அக்காவின் கட்டிலருகே நின்றுதான் பதில் சொல்லவேண்டியிருந்தது. இன்னும் கையெழுத்து ஆகவில்லை என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்ணில் கோபம் இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

"ஓம் எண்டு சொல்லு தம்பி. கெதியாச் சொல்லு, அந்தப் பிள்ளை நிக்குது. அறை முடிஞ்சோடன நான் வாறன்தானே."

ஒக்ரோபரில் கடைசிக் கையெழுத்து விழுந்தது. அதே பரிசோதகர்தான். அழகான அறை, உங்கள் சகோதரிக்குப் பிடிக்கும் என்று கைகொடுத்தார். அடுத்த ஞாயிறு அக்காவைக் கூட்டிவந்தோம். சக்கர நாற்காலி வாசலால் தட்டாமல் வந்தது. அளவெல்லாம் விதிப்படி. மனைவி இடியப்பமும் சொதியும் வைத்திருந்தாள், ஊட்டவேண்டியிருந்தது. அக்கா குளியலறையைப் பார்க்கவேண்டும் என்றாள். சுவரில் பிடிக்கம்பி பூட்டியிருந்தேன், யூனில் அவள் எழுந்து நிற்கும்போது அவளுடைய கை எட்டும் உயரத்தை அளந்து. அவளுடைய கையைத் தூக்கிக் கம்பியில் வைத்தேன். விரல்கள் அதைச் சுற்றி மடங்கவில்லை. சும்மா கிடந்தன, துணி காயப்போட்டதுபோல.

இப்போது அவளைத் தூக்க இரண்டு பேரும் ஒரு இயந்திரமும் வேண்டும். அந்த இல்லத்தில் அதெல்லாம் இருக்கிறது. இங்கே நானும் மனைவியும் காலையில் வேலைக்குப் போகிறவர்கள். யூன் மாதத்து அக்காவுக்கு ஒரு அறை கட்டிவைத்திருந்தேன். அவள் வரவில்லை. வேறொருத்தியை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

யன்னலடியில் கொஞ்ச நேரம் விட்டோம். தெருவைப் பார்த்தாள். குரல் அடங்கிப்போயிருந்ததால் குனிந்து கேட்கவேண்டியிருந்தது.

"வடிவா இருக்கு. ஐஞ்சு மணிக்கு அங்க சாப்பாடு குடுப்பினம், வெளிக்கிடுவம்."

போகும் வழி நெடுக நெடுஞ்சாலை நெரிந்து கிடந்தது. கண்ணை மூடியிருந்தாள், நித்திரை என்று நினைத்தேன். பிறகு மெல்லச் சொன்னாள்.

"ஆடிக்கு முந்தியே சுவரெல்லாம் முடிச்சுப்போட்டாய். நான் போனில பார்த்தனான். உந்த நகரசபைக் கந்தோர்க்காரங்கள்தான் ஒரு கையெழுத்துக்காக இழுத்தடிச்சவங்கள். நீ அதை நினைச்சு மனசைப் போட்டு உடைக்காத."

முன்னால் நின்ற கார்களின் சிவப்பு விளக்குகள் அணைந்து, மறுபடி எரிந்தன. பின்னாலிருந்த மனைவி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஓம் அக்கா" என்றேன்.