வெந்நீர் ஊற்றுக்குப் போக ஒரு சாவு

மிசாவோ தன் பெரியம்மாவைச் சாகடித்தது அக்டோபர் கடைசியில், மலையில் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கியிருந்த நாட்களில். அந்தப் பெரியம்மாவோ செந்தாய் நகரத்தில் மகள் வீட்டில் குத்துக்கல்லாட்டம் இருந்தார். ஆனால் சாவு என்று சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் மாமியார் ஹத்சு முதியோர் இல்லத்தில் இரண்டு இரவு தங்கச் சம்மதிக்க மாட்டார். இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து அவருக்குச் சோறூட்டவும் துணி மாற்றவும் மிசாவோவின் கைதான் வேண்டும். பெற்ற மகன் யசுஹருவின் கை பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வெந்நீர் ஊற்றுக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டவள் நொபுகோ. மிசாவோவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். "உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தியாடி? உங்க மாமியாருக்கு முன்னாடி நீ போய்ச் சேந்துடுவ போல. நான் ரூம் போட்டுட்டேன். வரலைன்னா இனி என்கிட்ட பேசாதே."

யசுஹருவிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "எனக்கு எதுவும் தெரியாது. நீயாச்சு, எங்கம்மாவாச்சு."

ஆகவே மிசாவோ கட்டிலருகே மண்டியிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, செந்தாய் பெரியம்மா போய்விட்டார் என்றாள். கத்தப்போகிறார் என்று காத்திருந்தாள். ஹத்சு கத்தவில்லை.

"எப்போ?"

"நேத்து ராத்திரி, அத்தை."

"உன் கல்யாணத்துல எனக்குச் சாக்கே மது ஊத்திக் குடுத்தாளே, அவளா? சிரிச்சுக்கிட்டே இருப்பா." கிழவியின் கண் கலங்கியது. "அந்த மேல் இழுப்பறையில என் ஜபமாலை இருக்கு. அதை எடுத்துட்டுப் போ. எனக்காகவும் ஒரு தடவை கும்பிட்டுட்டு வா. என்னால வர முடியாதுன்னு சொல்லு."

இல்லத்து வண்டி வந்தபோது ஹத்சு முரண்டு பிடிக்காமல் ஏறிக்கொண்டார். சாவு வீட்டுக்குப் போகிறவளைத் தடுக்கக்கூடாது என்று ஓட்டுநரிடம் அவரே சொன்னார். மிசாவோ கறுப்பு உடையில் வாசலில் நின்று கும்பிட்டாள். ரயில் நிலையக் கழிப்பறையில் அந்த உடையைக் களைந்து, மடித்து, பையின் அடியில் திணித்தாள். ஜபமாலையை அதற்கும் அடியில் வைத்தாள்.

கடைசிப் பேருந்து நிறுத்தத்துக்கு விடுதிக்காரம்மாவே வண்டி கொண்டுவந்திருந்தார். பள்ளத்தாக்கின் முடிவில் அந்த ஒரு விடுதிதான். அதற்கப்பால் மரமும் ஆறும். விருந்தினர் என்று இவர்களைத் தவிர ஒரு வயதான தம்பதிதான். நொபுகோ போனதுமே யுகாதா என்ற பருத்திக் குளியலங்கியை மாட்டிக்கொண்டு, "இங்க யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க, பாரேன்!" என்று பாயில் மல்லாந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் உப்புத் தடவிக் கங்கில் சுட்ட ஆற்றுமீனும் காளான் குழம்பும் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயும் இருந்தன. இடையில் ஒருமுறைகூட எழுந்திருக்காமல் மிசாவோ சாப்பிட்டாள். கடைசிப் பிடிச் சோறுவரை சூடாக இருந்தது. பிறகு படுத்தவள், விடிந்து வெயில் காகிதக் கதவில் ஏறும்வரை அசையவில்லை.

காலையில் தனியாக வெளிக்குளத்தில் இறங்கினாள். கந்தக வாடையடிக்கும், பால்போல் வெளுத்த தண்ணீர். கழுத்துவரை மூழ்கி, தலையை வழுவழுப்பான கல்லில் சாய்த்தபோது, முதுகில் எத்தனையோ காலமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று கழன்றது. ஓர் இலை வந்து தோளருகே மிதந்தது. இந்த நேரத்தில் இல்லத்திலிருந்து அழைத்து, மாமியார் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னால்? மனம் அதுபாட்டுக்கு நினைத்தது. கட்டிலை எடுத்துவிட்டால் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிடலாம். அங்கே தையல் மெஷினைப் போடலாம். திரைச்சீலைக்கு இளம்பச்சை நன்றாயிருக்கும்.

பூப்போட்டதா, வெறும் பச்சையா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லையே! அவ்வளவு சூட்டிலும் உடம்பு சில்லிட்டது. யாரோ பார்த்துவிட்டதுபோல் மார்பைக் கைகளால் மறைத்துக்கொண்டு எழுந்தாள்.

அறையில் நொபுகோ தலை சீவிக்கொண்டிருந்தாள். மிசாவோ திரைச்சீலையைச் சொல்லாமல் பாதியை மட்டும் சொன்னாள்.

"அட, இதுக்கா இப்படிக் கலங்கற?" என்றாள் நொபுகோ. "நான் பெத்த அம்மாவையே அப்படி நெனைச்சிருக்கேன். எல்லாரும் நெனைக்கறதுதான். யாரும் வெளியில சொல்றதில்ல, அவ்வளவுதான். வா, காலைச் சாப்பாடு ஆறுது."

எல்லாரும் நினைப்பதுதான் என்றால் பாரம் குறைய வேண்டுமே. குறையவில்லை. மிசாவோ கூடத்துக்குப் போய் இல்லத்துக்குத் தொலைபேசினாள். எடுத்த பெண்ணின் குரல் இளகியிருந்தது.

"பாட்டிம்மா நல்லா இருக்காங்க. சாப்பாடுதான் கம்மி. உங்க பெரியம்மாவுக்கு எங்க ஆழ்ந்த அனுதாபங்கள்."

"உங்களுக்கு... யாரு சொன்னா?"

"அவங்கதான். இன்னிக்குக் காலையில சாப்பாட்டு மேசையில உக்காந்த எல்லாரையும் கை கூப்ப வெச்சாங்க. 'எம் மருமகளோட பெரியம்மா செத்துட்டா, பாவம், மருமக தனியா அழுதுக்கிட்டிருப்பா'ன்னு. வாய் பேசாத இஷிகுரோ தாத்தாகூட கும்பிட்டாரு."

மிசாவோ ரிசீவரை வைத்துவிட்டுப் பையைக் கட்டத் தொடங்கினாள்.

"பைத்தியமா உனக்கு? இன்னும் ஒரு ராத்திரி இருக்கு!" என்று நொபுகோ கத்தினாள். "ஒரு நாள் உனக்காக இருந்தா வானம் இடிஞ்சா விழும்?" கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் கோபித்துக்கொண்டு தனியாகக் குளிக்கப் போய்விட்டாள். விடுதிக்காரம்மா ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

மிசாவோ கறுப்பு உடையை மறுபடி மாட்டிக்கொண்டு மதியம் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஹத்சு ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். இவள் குனிந்து போர்வையைச் சரிசெய்ததும் கிழவியின் மூக்கு விடைத்தது. ஒருமுறை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"உங்க பெரியம்மாவை எரிச்சாங்களா, கந்தகத்துல போட்டு அவிச்சாங்களா?"

பொய்யின்மேல் இன்னொரு பொய் சொல்ல மிசாவோவுக்குத் தெம்பில்லை. தரையில் மண்டியிட்டு நெற்றி படக் குனிந்தாள். "பெரியம்மா சாகல, அத்தை. நான் வெந்நீர் ஊத்துக்குப் போனேன். என்னை மன்னிச்சிடுங்க."

கூடத்தில் சாய்ந்து கிடந்தவர்களெல்லாம் தலையைத் திருப்பினார்கள்.

"உயிரோட இருக்காளா?"

"இருக்காங்க."

"போன் போடு. இப்பவே. நான் கேக்கணும்."

மிசாவோ கைபேசியை எடுத்து எண்களை அழுத்தினாள். மறுமுனையில் பெரியம்மா உற்சாகமாக, "யாரு? மிசாவோவா? அங்க பனி ஆரம்பிச்சாச்சா?" என்றார். ஹத்சு கைபேசியைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "நான் மிசாவோ மாமியார். ஒண்ணுமில்ல. நல்லா இருக்கீங்களா? ரொம்ப நாள் இருங்க." திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உசுரோட இருக்கறவளுக்கு ஊரையே கூட்டிக் கும்பிட வெச்சிட்டேன். அந்தப் பாவம் யாரு தலையில?"

வீடு திரும்பியபின் பல நாள் ஹத்சு பேசவில்லை. சோற்றுக்கு வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். மிசாவோ அதைத் தனக்குத் தகுந்த தண்டனையாகவே வாங்கிக்கொண்டாள். பேசியிருந்தால் இன்னும் கஷ்டமாயிருந்திருக்கும்.

முதல் பனி விழுந்த அன்று, உடம்பு துடைத்துவிடும்போது ஹத்சு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இனிமே யாரையும் சாகடிக்காத. போறேன்னு சொல்லு. நான் திட்டத்தான் திட்டுவேன். அது என் குணம். திட்டு வாங்கிட்டுப் போ."

"சரி, அத்தை."

"தண்ணி நல்லா இருந்துச்சா?"

துணியைப் பிழிந்த மிசாவோவின் கை நின்றது. நன்றாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். கிழக்கு ஜன்னலும் பச்சைத் துணியும் கண்முன் வந்தன. கழுத்துவரை மூழ்கிக்கொண்டு தான் நினைத்ததை இந்த மெலிந்த முதுகிடம் சொல்லிவிடலாமா என்றிருந்தது. சொன்னால் தனக்குப் பாரம் இறங்கும். கேட்டவருக்கு ஏறும்.

"நல்லா இருந்துச்சு, அத்தை," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வசந்தத்தில் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டே அவள் புறப்பட்டாள். ஹத்சு சொன்னபடியே திட்டினார். எட்டு வீட்டுக்குக் கேட்டது. மிசாவோ காலணியைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, திட்டு முழுவதும் ஓயும்வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.